கரும்பூதத்தின் கையில் நின்ற எடை

பாலாற்றில் தண்ணீர் ஓடிய வருஷமா, ஓடாத வருஷமா என்று மேல்பட்டடையில் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஆனால் அது எருது விடும் திருவிழா முடிந்த மறுவாரம் என்பதிலும், சந்தைத் திடலில் பம்பாய் ஸ்டார் குஸ்தி கம்பெனி ரிங்கு கட்டியிருந்த சாயங்காலம் என்பதிலும், வஜ்ரவேலு தலைக்கு மேலே தூக்கிய துளசிங்கம் அதற்கப்புறம் கீழே வரவில்லை என்பதிலும் ஊரில் யாருக்கும் இரண்டாவது பேச்சு கிடையாது.

கம்பெனியில் ஒருத்தரும் பம்பாயைப் பார்த்தவர்கள் இல்லை. முதலாளி முனீர் பாய் வாணியம்பாடிக்காரர்; தோல் ஷாப்பு வேலையை விட்டுவிட்டு, கொஞ்சம் பலகை, ஒரு தார்ப்பாய், ஒரு மைக்செட், வேறு வேலைக்குப் போகப் பிடிக்காத பயில்வான்கள் சிலர் என்று சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். துளசிங்கம் உள்ளூர்க்காரன், நல்லவன் வேஷம், மஞ்சள் லங்கோடு, பேர் பாலாற்றுச் சிங்கம். வஜ்ரவேலு ஆரணிப் பக்கத்து ஆள், கெட்டவன் வேஷம், பேர் கரும்பூதம். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு அவன் கயிற்றுக்குள் நுழைந்தால், முன்வரிசைப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், வேர்க்கடலைத் தோல் பறக்கும், பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கும். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதைச் சாயங்காலமே கொட்டகைக்குப் பின்னால் முனீர் பாய் சொல்லிவிடுவார். விழுவது மட்டும் நிஜம்.

குஸ்திக் கம்பெனிகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நல்லவனும் கெட்டவனும் ஊருக்குள் சேர்ந்தாற்போல் ஜனங்கள் கண்ணில் படக்கூடாது. பட்டால் அப்புறம் எவள் வந்து மண்ணைத் தூற்றுவாள்? ஆகையால் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், ஒருத்தன் தோளில் ஒருத்தன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாலும், ஊர் வருவதற்கு ஒரு ஸ்டாப்பு முன்னாலேயே வஜ்ரவேலு எழுந்து இறங்கிவிடுவான்; இறங்கி, புளியமரங்களுக்குக் கீழே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வருவான். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் துளசிங்கத்தின் வீட்டு வாசலை மிதித்தது கிடையாது. துளசிங்கத்தின் பெண்சாதி பூங்காவனம் அவனை நிஜமாகவே பூதம் என்று நினைத்திருந்தாள்.

இன்னொரு வழக்கம் ஜனங்களுக்குத் தெரியாது. மேலே போகிறவன், தூக்குகிறவனின் மணிக்கட்டை ஒருதரம் அழுத்துவான்: நான் தயார், தூக்கு. மேலே போனபின் இன்னொருதரம் அழுத்துவான்: இறக்கு. அந்த இரண்டாவது அழுத்தம் வராமல் இறக்கினால் கழுத்து போகும், இடுப்பு போகும். "தூக்கனவன் கைலதான் வுழறவன் உசுரு" என்று புதிதாகச் சேரும் ஆளுக்குச் சோறு போடுவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

அன்றைக்குக் கொட்டகைக்குப் பின்னால் முனீர் பாய் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "துளசி, இன்னிக்கு நீ கீழ படுத்துக்கோ. மூணு எண்ணட்டும்."

"இங்கயா பாய்? ஆம்பூர்ல படுக்கறேன், ஆற்காட்டுல படுக்கறேன். இது என் ஊரு. பொண்ணு முன்னாடி வந்து குந்தினு கீது."

"அதுக்குத்தாம்பா. வூட்டுக்கு வூடு டிவி வந்துடுச்சி. நீ ஜெயிக்கறதப் பாத்துப் பாத்து ஜனத்துக்குக் கொட்டாவி வருது. இன்னிக்கு நீ தோத்தாத்தான், அடுத்த வாரம் பழி வாங்க வர்றியான்னு வந்து பாப்பான்."

துளசிங்கம் வஜ்ரவேலுவைத் திரும்பிப் பார்த்தான். வஜ்ரவேலு உதட்டோரத்தில் கரி பூசிக்கொண்டிருந்தான். கரி பூசும்போது வாயைத் திறந்தால் கரி நாக்குக்குப் போகும் என்பதால் அவன் ஒன்றும் பேசவில்லை.

"சரி பாய்," என்றான் துளசிங்கம்.

ஆட்டம் எப்போதும் போலத்தான் நடந்தது. கரும்பூதம் கண்ணில் மண்ணைப் போட்டான், கயிற்றில் கழுத்தை நெரித்தான், கோடுபோட்ட சட்டைக்காரர் ரெஃப்ரி கிளமெண்ட் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார், பூங்காவனம் எழுந்து நின்று கரும்பூதத்தின் ஏழு தலைமுறையையும் ஏசினாள், அவள் மடியிலிருந்து இறங்கிய மகள் அமுலு "நைனா, எழுந்திரு நைனா" என்று பலகையைத் தட்டினாள். துளசிங்கம் எழுந்தான். எழுந்து வந்து வஜ்ரவேலுவின் மணிக்கட்டை ஒருதரம் அழுத்தினான். வஜ்ரவேலு அவனை இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை கொடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, மல்லாக்கப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது அழுத்தத்துக்காக நின்றான்.

நின்றான். கூட்டம் கத்தி ஓய்ந்தது, மறுபடி கத்தியது, மறுபடி ஓய்ந்தது. தோள் நடுங்கியது, தொடை நடுங்கியது, விரல்கள் முதலில் எரிந்து அப்புறம் மரத்துப்போயின, முழங்கை வரைக்கும் மரப்பு ஏறியது. அழுத்தம் வரவில்லை. வழக்கத்தை மீறி இறக்க அவனுக்குக் கை வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கூட்டம் வேறுவிதமாக மௌனமானதைக் கேட்டு அண்ணாந்து பார்த்தபோது, துளசிங்கம் அவன் உள்ளங்கைகளுக்கு மேலே, தொடாமல், மல்லாந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, தூக்கத்தில் பாயைவிட்டு விலகிப் போகிறவனைப் போல மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தான். விளக்குக் கம்பத்து உயரம் வந்ததும் நின்றான்.

துளசிங்கம் போனான், அவன் எடை போகவில்லை. அது வஜ்ரவேலுவின் கைகளிலேயே நின்றுவிட்டது. இரண்டு கைகளும் இடுப்புக்குக் கீழே தொங்கிப்போயின. அன்றிலிருந்து அவன் எதையும் தூக்கவில்லை, சோற்றுக்குக்கூடத் தட்டை நோக்கி முகத்தைத்தான் தாழ்த்தினான். சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது.

அன்றைக்கு வைக்கோலைக் கொண்டுவந்து கொட்டினார்கள், ஜமக்காளத்தை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. ஏணியைச் சாய்த்தால் ஒரு கை எட்டவில்லை. இன்னும் நீளமான ஏணி வரவழைத்தார்கள், அதற்கும் ஒரு கை எட்டவில்லை. சினிமாப் போஸ்டர் ஒட்டுகிறவன் சாரம் கட்டி ஏறிப் பார்த்தான். அதற்கும் அதே ஒரு கை. ஏறியவர்கள் எல்லாம் இறங்கி வந்து, ஆள் மூச்சு விடுகிறார், இமை கொட்டுகிறார், கூப்பிட்டால் திரும்பவில்லை என்று ஒரே மாதிரி சொன்னார்கள். தீயணைப்பு அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "எரியல, முழுகல, எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா இது" என்று பூங்காவனத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சந்தை நாள். சந்தையை எப்படி நிறுத்துவது? தக்காளிக்காரி குப்பம்மா வழக்கமான இடத்தில் கூடையை இறக்கினாள். வெயில் ஏறியதும் துளசிங்கத்தின் நிழல் அடுத்த கடைமேல் விழுவதைப் பார்த்து அங்கே நகர்ந்தாள், நிழல் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். சில மாதத்தில் சந்தையில் நேரம் சொல்வதே அப்படி ஆகிப்போனது: துளசிங்கம் வெங்காயத்துமேல் விழும்போது வா, கருவாட்டைத் தாண்டினப்புறம் வராதே. மழை பெய்தால் தண்ணீர் அவன் இரண்டு குதிகாலிலிருந்தும் இரண்டு நூலாக இறங்கும். கீரைக்காரர்கள் அதில் கீரைக்கட்டுகளை நனைத்துக்கொள்வார்கள். மின்வாரியம் கம்பியை நாலு முழம் தள்ளிப் போட்டது. தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் அவன்மேல் கொடி கட்டப் பார்த்து, ஒரு கை எட்டாமல் சமாதானமாகப் போனார்கள். ரேஷன் கடையில் அவன் பேருக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் ஊரில்தானே இருக்கிறார் என்று கடைக்காரர் நியாயம் சொன்னார். முனீர் பாய் கொஞ்சநாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தோக்கத்தானப்பா சொன்னேன், பறக்கவா சொன்னேன்?" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுவிட்டு, கம்பெனியைக் கலைத்துப் பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரியாணிக் கடை போட்டார்.

ஒரு ஆடி மாசம், பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் தேங்காய், கற்பூரத்தோடு வந்து ரிங்குக்குக் கீழே கல் நட ஆரம்பித்தபோது பூங்காவனம் விளக்குமாற்றோடு வந்தாள்.

"இன்னாய்யா பண்றீங்க?"

"சாமிக்கு ஒரு பீடம்மா."

"யாரு சாமி? என் புருஷன் சாமி இல்ல, செத்தும் பூடல. வேலைக்குப் போனவரு இன்னும் வூட்டுக்கு வரல, அவ்ளோதான். கல்ல எடுத்துனு கெளம்பு."

எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவள் பூவும் பொட்டுமாகத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள், வந்தாள். வேலைக்குப் போனவரின் பெண்சாதி வேறு எப்படி இருப்பாள்?

வஜ்ரவேலு ஊரைவிட்டுப் போகவில்லை. போக முடியாது என்று அவன் துக்கமாகச் சொன்னதில்லை. பசிக்கவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொல்வான். தூக்கினவன் அவன். இரண்டாவது அழுத்தம் எப்போது வந்தாலும் கீழே அவன் கை இருக்க வேண்டும். ரிங்கின் பலகை உளுத்தால் மாற்றுப் பலகை போடச் சொன்னான், கயிறு அறுந்துபோய்க் கம்பங்கள் சாய்ந்தபின்னும் பலகைமட்டும் நின்றது, பூண்டுக்காரர் அதன்மேல் பூண்டைக் கொட்டி வியாபாரம் செய்தார், அவன் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

முதல் வாரத்திலேயே ஒருநாள், சந்தை இரைச்சலுக்கு நடுவில், மேலேயிருந்து துளசிங்கம் ஒரே ஒரு தரம் பேசினான். மல்லாந்து கிடக்கிறவனுக்கு வானத்தைத் தவிர வேறு தெரியாது அல்லவா? "டேய் வஜ்ரம், இன்னாடா நடக்குது கீழ?" என்றான்.

வஜ்ரவேலு சொல்ல ஆரம்பித்தான். குரல் எட்டாததால் முனீர் பாய் கம்பெனி மைக்கை ஒரு ஸ்டாண்டில் மாட்டிக்கொடுத்தார். "குப்பம்மா கூடைய எறக்கறா. நேத்து மிச்சத்த அடியில போட்டுக் கீறா, மேல புதுசு. ஒரு பெரியவரு ஆட்டுக்குட்டிய இஸ்துனு வராரு, குட்டி வரமாட்டேங்குது, காலப் பரப்பி நிக்குது, பெரியவரு கயித்த மாத்திப் புடிக்கறாரு." ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம் மைக்குக்கு எட்டுகிற தூரத்தில் எடைக்கல்லில் திருட்டு நின்றது, பெண்சாதியை அடிக்கக் கை ஓங்கினவன் "இதோ ஓங்கிட்டான்" என்று கேட்டதும் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான், பெண் பார்க்க வந்தவர்கள் தங்களைப் பற்றி மைக்கில் வரட்டும் என்று திடல் வழியாக ஒருதரம் நடந்து காட்டிவிட்டுப் போனார்கள். மேலேயிருந்து பதில் வந்ததில்லை. ஆனாலும் வேடிக்கையான விஷயம் சொன்னால் துளசிங்கத்தின் வயிறு லேசாகக் குலுங்குகிறது என்று சாரம் கட்டிய போஸ்டர்காரன் சத்தியம் பண்ணினான்.

தூக்க முடியாத பயில்வானிடம் என்ன கற்க முடியும் என்று ஊர் நினைத்திருந்தது. அமுலு வயதுக்கு வந்த கொஞ்சநாளில் அம்மாவுக்குத் தெரியாமல் ரிங்கு ஓரத்துக்கு வந்து நின்றாள்.

"எனக்கு வுழக் கத்துக்குடு."

"உங்கம்மா என்னிய பூதம்ன்னு சொல்லிக் கீறாங்க இல்ல?"

"பூதத்துக்கிட்டதான் கேக்கறேன்."

அவன் கையை அசைக்காமல் வாயாலேயே சொல்லிக்கொடுத்தான். தாடையை நெஞ்சில் ஒட்டு, மூச்சை வெளியே விடு, முதுகு படுவதற்கு முன்னால் உள்ளங்கை படட்டும். கண்ணுக்குக் காட்டமுடியாததை எல்லாம் அவன் வார்த்தையில் காட்ட வேண்டியிருந்தது. அமுலு கற்றாள், அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள், தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை எழுந்தது, குஸ்தி வாத்தியார் என்பதால் அவனை வஸ்தாது என்று கூப்பிட்டார்கள். அவனிடம் கற்றவர்கள் போன ஊரில் எல்லாம் ஒரு கேலி இருந்தது: "வஜ்ரவேலு ஆளா? தூக்கினான்னா எறக்கமாட்டான், டீ குடிச்சுட்டு வந்து பாத்துக்கலாம்." அவர்கள் அழுத்தத்துக்காக நின்றார்கள். அவர்களிடம் தூக்கப்பட்ட ஒருத்தனுக்கும் கழுத்து போகவில்லை.

சென்னையில் ஒரு சேனல்காரர்கள் வெளிநாட்டுக் குஸ்தியைத் தமிழில் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சந்தைக்கு வந்த ஒருத்தர் மைக்கில் கருவாட்டுக் கடைச் சண்டையை வஜ்ரவேலு சொன்னதைக் கேட்டுவிட்டு அழைத்துப் போனார். அதற்கப்புறம் சனி ஞாயிறுகளில் அவன் சென்னைக்கு ரயில் ஏறினான். குளிரூட்டிய ஒரு சின்ன அறையில், தொங்கிய கைகளோடு நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். தமிழ் பேசுகிற ஊரெல்லாம் அந்தக் குரல் போனது. மற்றவர்கள் கத்திச் சொல்வதை அவன் சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னதில் ஜனங்களுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. "விழுந்தான்" என்ற வார்த்தையை மட்டும் அவன் சொல்லவே மாட்டான். மலைபோன்ற ஒருத்தன் கயிற்றுக்கு வெளியே தலைகுப்புறப் போனாலும் "தரைக்கு வந்துட்டாரு" என்றுதான் சொல்வான். டீக்கடைகளில் கண்ணாடி டம்ளர் கை தவறி உடைந்தால் பையன்கள் "தரைக்கு வந்துட்டாரு" என்றார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், ரயிலில் அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். அவனுக்கு மாலையின் ஈரமும் தெரியவில்லை. சென்னையில் இருக்கும் இரண்டு நாளும் அமுலு ரிங்கில் நின்றுகொள்வாள். திரும்பி வந்ததும் அவளைக் கேட்பான், "வந்துதா?" "வரல வஸ்தாது." அவ்வளவுதான் பேச்சு.

இப்படியே போயிருக்கும், சந்தைக்குக் கூரை போடுவது என்று முடிவாகாமல் இருந்திருந்தால்.

நல்ல கூரைதான். இரும்புத் தூண், பச்சைத் தகடு, கீழே சிமெண்டுத் தளம், தடுப்புத் தடுப்பாகக் கடை. தூண்கள் எழும்பியபின்தான், கூரை துளசிங்கத்துக்குக் கீழே வருகிறது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். கூட்டம் கூடியது. காண்டிராக்டர் நல்ல மனுஷன். "ஆள் கிடக்கற அளவுக்கு ஒரு ஓட்டை வுட்டுடறேன், சுத்தி வேணும்ன்னா தகடு மடக்கி டிசைன் பண்ணித் தரேன்" என்றார். ஓட்டை எத்தனை அடி என்பதில் கருவாட்டுக்காரர்களுக்கும் வெங்காயக்காரர்களுக்கும் வாக்குவாதம் வந்தது. மழைத்தண்ணீர் யார் கடையில் இறங்குவது?

பூங்காவனம் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "புகை போகறதுக்கு ஓட்டை வுடற மாதிரி என் புருஷனுக்கு ஒரு ஓட்டையா?" என்று கேட்டாள். அவள் அங்கேயிருந்து நேராக, அதுவரை மிதித்திராத தகரக் கொட்டகைக்குப் போனாள். வஜ்ரவேலு முகத்தைத் தாழ்த்தித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான், உதட்டில் பருக்கை ஒட்டியிருந்தது. அவள் நின்றபடியே கேட்டாள்.

"அமுலு எல்லாம் சொல்லிச்சி. ரெண்டு தரம் அழுத்தணுமாமே."

"ஆமாம்மா."

"ரெண்டாவது தரம் அவரு அழுத்தலன்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

"தெரியாது," என்றான். "கை அப்பவே மரத்துப் பூடுச்சி. அவன் அழுத்தி இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் ஏசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப போயி அவரையே கேளு."

"எட்டாதும்மா."

"ஏணிக்குத்தான எட்டல," என்றாள்.

வாசலில் நின்றிருந்த அமுலு சொன்னாள்: "நான் தூக்கறேன்."

தகடு ஏற்றுவதற்கு முன்னால் வந்த சந்தை நாளில், வெயில் சாய்ந்து துளசிங்கம் கருவாட்டைத் தாண்டின வேளையில், பூண்டுக்காரர் தன் பூண்டை எல்லாம் சாக்கில் வாரி ரிங்கைப் பெருக்கிக்கொடுத்தார். முனீர் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ரெஃப்ரி கிளமெண்ட் செத்து வருஷங்களாகியிருந்தன. வஜ்ரவேலு செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறினான். அமுலு அவன் முன்னால் நின்று, தொங்கிய கையைத் தன் மணிக்கட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கனமா இருப்பேன்," என்றான் அவன். "ரெண்டாளு கனம்."

"தெரியும். எங்க நைனாவையும் சேத்துத்தான் தூக்கறேன். அழுத்து."

அழுத்தினானா என்று அவனுக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை கொடுத்து, பலகை முனக, அவனைத் தலைக்கு மேலே தூக்கினாள். அவன் வாழ்நாளில் தூக்கினவனே தவிர தூக்கப்பட்டவன் இல்லை. நல்லவன் வேஷக்காரர்களுக்குத் தெரிந்த வானம் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. விளக்குக் கம்பத்து உயரம் ஒரு பெண்ணின் கைக்கு எப்படி எட்டியது என்று கீழே யாரும் கேட்கவில்லை. தொங்கிக் கிடந்த அவன் கைகள், சுமந்திருந்த எடை தன் ஆளைக் கண்டுகொண்டதுபோலத் தாமாக மேலே போயின. துளசிங்கத்தின் மணிக்கட்டு கிடைத்தது. மேலே இருக்கிறவன்தான் அழுத்துவான், கீழே இருக்கிறவன் காத்திருப்பான் என்பதே வழக்கம்; கீழே இருக்கிறவன் அழுத்திக் கேட்கலாம் என்று கம்பெனியில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. வஜ்ரவேலு அழுத்தினான்.

மைக் இல்லை. என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் சந்தை முழுக்க அண்ணாந்து நின்றது. அமுலுவின் தோள் நடுங்க ஆரம்பித்தது, தொடை நடுங்கியது. அவள் இறக்கவில்லை.

அப்புறம், மரத்துப்போன அந்தக் கையில், தூரத்தில் யாரோ கதவு தட்டுவதுபோல, ஒரு சின்ன அழுத்தம் வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கைகளிலிருந்து எடை மேலே ஏறியது, ஏற ஏறத் துளசிங்கம் இறங்கினான். ஒரு கையால் அவனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையை இறக்கி வஜ்ரவேலு அமுலுவின் மணிக்கட்டை இரண்டாவது தரம் அழுத்தினான். அவள் முழங்காலை மடக்கி, முதலில் இடுப்பு, அப்புறம் தோள் என்று கற்றபடியே இறக்கினாள். இறங்குகிற போக்கில் இரண்டு பேரும் புரண்டு, துளசிங்கத்தின் முதுகு பலகையில் பட்டது. அவன் நெஞ்சின் குறுக்கே வஜ்ரவேலுவின் நெஞ்சு. ஆட்டம் எப்படி முடியவேண்டும் என்று அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் பேசியிருந்தார்களோ, சரியாக அப்படி.

யார் ஆரம்பித்தது என்று தெரியாது. இரண்டு தோளும் பலகையில் பட்டால் எண்ணியாக வேண்டும், மூணு வந்தால் கீழே கிடப்பவன் தோற்றான், பழக்கம் அப்படி. குப்பம்மா, பூண்டுக்காரர், கருவாட்டுக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் மெதுவாக "ஒண்ணு" என்றார்கள். பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு" என்றார்கள்.

கரும்பூதம் தன் கையைத் துளசிங்கத்தின் தோளுக்கு அடியில் நுழைத்து, அதைப் பலகையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கினான்.

சந்தை மூணு சொல்லவில்லை.

"இன்னாடா பண்ற?" என்றான் துளசிங்கம். குரலில் தூசு படிந்திருந்தது. "பாய் திட்டுவாரு."

"பாய் பிரியாணிக் கடை வெச்சிட்டாரு."

"யாரு ஜெயிச்சா?"

"ஆட்டம் முடியல. மீதி வேற ஊர்ல."

துளசிங்கம் எழுந்து உட்கார்ந்தான். வெயிலுக்குக் காட்டிய முகமும் நெஞ்சும் கிழவனுடையவை, சுருங்கி, கறுத்து, புருவம் நரைத்து. திரும்பினால் முதுகும் பிடரியும் அன்றைக்குச் சாயங்காலத்து ஆளுடையவை. அமுலுவைப் பார்த்தான். யார் என்று தெரியாமல் பார்த்து, அவள் மூக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். பூங்காவனம் கிட்டே வரவில்லை. "உலை வெக்கப் போறேன், ரெண்டு பேருக்கும் சேத்து," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு விறுவிறு என்று வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பூண்டுக்காரர் கொண்டுவந்து கையில் வைத்த டீ டம்ளரை வஜ்ரவேலு வாய்வரைக்கும் தூக்கினான். தூக்கியதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றான். "சுடுது," என்றான். யாருக்கும் சொல்லவில்லை, சும்மா சொன்னான்.

துளசிங்கம் படியிறங்கிக் கால் பழக நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "டேய் வஜ்ரம், நீ கொஞ்சம் பின்னாடி வா. சேந்தாப்புல போனா ஜனம் பாத்துடும்."

வஜ்ரவேலு பழக்கத்தில் நின்றுவிட்டான்.

அப்போது குப்பம்மா திரும்பிக்கொண்டு தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள். பூண்டுக்காரர் சாக்கை அவிழ்த்துக் குனிந்தார். முனீர் பாய் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார். கருவாட்டுக்காரர்கள், வெங்காயக்காரர்கள், காண்டிராக்டர், தூண்மேல் உட்கார்ந்திருந்த வெல்டிங் ஆட்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஒருத்தர் பார்த்து ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திடலில் அத்தனை பேரின் முதுகுகள் மட்டும் இருந்தன. அந்த முதுகுகளுக்கு நடுவே சிங்கமும் பூதமும் தோளோடு தோள் உரச நடந்து, கடைத்தெருவைத் தாண்டி, துளசிங்கத்தின் வீட்டுத் தெருவில் திரும்பினார்கள்.

ஆள் மேலே போனதைப் பார்த்ததாக மேல்பட்டடையில் எல்லோரும் சொல்வார்கள், அன்றைக்குப் பிறக்காதவர்கள்கூட. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்துபோனதைக் கேட்டுப் பாருங்கள்; நாங்க பாக்கலப்பா என்பார்கள்.